தொலைவிலிருந்து நடத்திய திட்டங்கள்: இன்னும் மனத்தை விட்டு நீங்காத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

முத்துக்கடைவாசி (இராணிப்பேட்டை)

பழைய சர்வரிலிருந்து (தரவைச் சேமித்து வழங்கும் கணினி) புதிய சர்வருக்குத் தரவை மாற்றும் வேலை. செய்தவர்களுக்கு அதன் படிகளை நான் விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் மியூனிக்கில், சோதனைக் குழு ஐதராபாத்தில், மற்றவர்கள் வேலூரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள், அவரவர் வீட்டில். வெள்ளிக்கிழமை இரவு மாற்றம் என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமைக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவர் எல்லா வரிகளும் பச்சையாக, அதாவது சிக்கல் இல்லை என்று, இருந்த நிலை அறிக்கையைத் திரையில் காட்டி முடித்ததும், அணைக்கட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தம்பி, குழுவிலேயே இளையவர், "முழு அளவுத் தரவை வைத்து ஒத்திகை இன்னும் ஒருமுறைகூட முடியவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது" என்று சொல்லத் தொடங்கினார்.

கூட்டத்தை நடத்துபவரிடம் எவருடைய ஒலியையும் அடைக்கும் பொத்தான் உண்டல்லவா, அதைத் தலைவர் அழுத்திவிட்டார். அந்தத் தம்பிக்கு அது தெரியவில்லை. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, அதில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மியூனிக்கிலிருந்த அம்மையார் இணைப்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம், கிராமத்து இணைப்பு, அப்படித்தான் இருக்கும் என்று தலைவர் பதில் சொன்னார்.

வெள்ளி இரவு மாற்றம் பாதியில் நின்றதும், சனிக்கிழமை முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பப் பாடுபட்டதும் நடக்கக்கூடியவைதான். அவை என்னை உறுத்தவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால் ஒருவருடைய வாயைப் பத்துப் பேர் முன்னிலையில் எவரும் பொத்திவிட முடியாது, பொத்தினால் அறையே எழுந்து நின்றிருக்கும். இங்கே ஒரு சொடுக்கில் அது முடிந்தது. பழி இணைப்பின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தம்பி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

காட்பாடி_ஜங்ஷன்

அந்தத் தலைவர் பொய் சொன்னது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாடிக்கையாளர் காதில் விழும்படி உள்விவகாரத்தை முதன்முறையாகப் பேசுவதும் சரியன்று. அதற்காகத்தானே அதற்கு முன்பு நமக்குள் ஒரு கூட்டம் வைத்துக்கொள்கிறோம்? அங்கே சொல்லாததை இங்கே சொன்னால் எந்தத் தலைவரும் பதறத்தான் செய்வார்.

என்னுடைய அனுபவம் கடிகாரத்தைப் பற்றியது. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அமெரிக்காவில் அதை நவம்பர் முதல் ஞாயிறு அன்றுதான் செய்கிறார்கள். நமக்கு அந்த வழக்கமே இல்லை. பிராங்க்ஃபர்ட் நேரம் பிற்பகல் 3 மணிக்கு வாராந்தரக் கூட்டம் என்றால், கோடையில் அது நமக்கு மாலை 6.30, நியூயார்க்கில் காலை 9. அந்த இடைப்பட்ட வாரத்தில் அதே கூட்டம் நமக்கு 7.30 ஆகவும் நியூயார்க்கில் 10 ஆகவும் நகர்ந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கழிந்ததும் நியூயார்க்குக்கு மட்டும் பழையபடி 9 ஆகிவிடும். நாம் மார்ச் கடைசி வரை 7.30 மணியிலேயே நிற்போம். நாட்காட்டி தானாகவே நேரத்தை மாற்றிக் காட்டிவிடுவதால், இதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி, கூட்டம் 7 மணிக்கு முடிந்துவிடும் என்ற கணக்கில்தான் தம் தாயாருக்குச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார். அந்த வாரம் அவர் மருத்துவமனை நடைபாதையில் நின்றபடியே கூட்டத்தில் சேர்ந்தார். தரவுத்தளத்தைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒலிபெருக்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, "அது எங்கள் எண், ஆனாலும் முடித்துவிடுகிறேன்" என்றார். கூட்டத்தில் இருந்த எவரும் நீங்கள் போங்கள் என்று சொல்லவில்லை. நான் சொல்ல முனைவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டார். மறுநாளே பிராங்க்ஃபர்ட்டுக்கு எழுதி, குளிர்காலம் முழுவதற்கும் கூட்டத்தை அவர்களுடைய நேரம் 2 மணிக்கு மாற்றச் சொன்னேன். நியூயார்க்காருக்கு அது காலை 8 மணியானதால் முணுமுணுத்தார்கள், மாற்றினார்கள்.

ஆம்பூர்த்_தோல்காரி

இங்கே எல்லோரும் மென்பொருளைப் பற்றியே எழுதுகிறீர்கள். தொலைவிலிருந்து திட்டம் நடத்துவது எங்கள் தொழிலிலும் உண்டு. 2020 மார்ச் ஊரடங்குக்கு முன்பு, வெளிநாட்டு வாங்குநரின் டெக்னீஷியன் ஆம்பூருக்கே வந்து தங்கி, தோலைத் தொட்டுப் பார்த்து, சாம்பிள் ஷூவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதன்பின் எல்லாமே வீடியோவுக்கு மாறிவிட்டது. நான் மெர்ச்சண்டைசர், வாங்குநருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவள்.

பழுப்பு நிறத்தில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரண்டு தோல் துண்டுகளை இரு கைகளிலும் பிடித்துக் காட்டினேன். மறுமுனையில் இருந்த வடிவமைப்பாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இடப்பக்கத்தில் உள்ளது" என்றார். என் பின்னால் நின்றிருந்த கட்டிங் மேற்பார்வையாளர் என் இடக்கையில் இருந்த துண்டை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய இடப்பக்கமா, என்னுடைய இடப்பக்கமா? இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவருக்கு இடப்பக்கம் தெரிவது என் வலக்கை. மேற்பார்வையாளரைக் கத்திக் கூப்பிட்டு நிறுத்தினேன். வலத்துண்டை மட்டும் உயர்த்திக் காட்டி, இதுவா என்று கேட்டேன். அதுதான். மேற்பார்வையாளர் அதற்குள் கதவருகே போயிருந்தார். தோலில் டையை (வெட்டும் அச்சை) இறக்கிவிட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அந்த ஆர்டருக்கு ஒதுக்கிய தோல் முழுவதும் தவறான நிறத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

அந்தக் கதவருகே நின்ற அவருடைய முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இப்போது ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டித்தான் காட்டுகிறோம். நிறத்துக்கு வீடியோவை நம்புவதே இல்லை. கைபேசிக் கேமரா தன் முன்னால் இருப்பதைப் பார்த்து நிறச் சமநிலையைத் தானாகவே மாற்றிக்கொள்ளும்; பழுப்புத் தோலைத் திரை முழுக்க வைத்தால் அது சாம்பல் சாயலாகத் தெரியக்கூடும். ஒரே தோலிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு, இரு பக்கத்தாரும் லைட் பாக்ஸில் (நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி) டி65 என்ற தரப்படுத்திய பகல் ஒளிக்குக் கீழே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புதல்.

முத்துக்கடைவாசி (இராணிப்பேட்டை)

காட்பாடி நண்பருக்கு: முன்கூட்டம் இருந்தது. அன்று காலை அணைக்கட்டுப் பக்கம் மாதாந்தரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம். முதல் நாள் நாளிதழிலேயே அறிவிப்பு வந்திருந்தது. அந்தத் தம்பி காலையிலேயே குழுவின் வாட்ஸ்அப்பில், மின்சாரம் இருக்காது, ஒத்திகை முடியவில்லை, தேதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று மூன்று வரி எழுதியிருந்தார். தலைவர் அதைப் பார்த்ததற்கான நீல நிறக் குறியும் விழுந்திருந்தது. ஆகவே, அங்கே சொல்லாததை அவர் இங்கே சொன்னார் என்பது பொருந்தாது.

வாலாஜா_மூத்தவர்

எல்லாவற்றையும் படித்தேன். நான் பார்த்த ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருந்த திட்ட மேலாளர் ஒருவர் மே 15 அன்று முக்கியமான ஒப்படைப்பு ஒன்றை வைத்திருந்தார். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எவரும் அன்று கணினி முன் உட்கார மாட்டார்கள் என்பது வேலூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எவரும் சொல்லவில்லை. அன்று அவர் வெறும் திரையைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று அழைத்துக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

இளையவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். திட்டம் தொடங்கும்போதே உள்ளூர்த் திருவிழாக்கள், மின்நிறுத்த நாட்கள், அந்தந்த நாட்டு விடுமுறைகள், கடிகாரம் மாறும் ஞாயிறுகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் எழுதி, வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட வேண்டும். தேதியை 03/11 என்று எழுதவே கூடாது. நமக்கு அது நவம்பர் 3, அமெரிக்கருக்கு மார்ச் 11. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-11-03 என்று எழுதினால் எவரும் பிழையாகப் படிக்க இடமில்லை. குழுவைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10, பத்துப் பேர் ஆனால் 45, ஒரே அறையில் இது தெரியாது, ஊருக்கொருவராக இருக்கும்போது ஒவ்வொரு தொடர்பும் ஓர் அழைப்பாகிவிடும். ஸ்க்ரம் என்ற குழுப்பணி முறையில் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் வரையறை, அதை மீறாதீர்கள். கூட்டத்தில் எடுத்த முடிவை அன்றே நான்கு வரிகளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். எழுதாத முடிவை அவரவர் தமக்கு வசதியானபடி நினைவில் வைத்துக்கொள்வார்கள். முத்துக்கடை நண்பர் சொன்ன நிகழ்ச்சியில், ஒத்திகை முழு அளவுத் தரவோடு முடியாவிட்டால் மாற்றம் இல்லை என்ற நிபந்தனையை வாடிக்கையாளரும் சேர்ந்து முதல் வாரத்திலேயே எழுதி வைத்திருந்தால், அந்தத் தம்பி வாய் திறக்க வேண்டிய தேவையே வந்திராது. அந்த வரி தானாகவே சிவப்பாக நின்றிருக்கும். கடைசியாக ஒன்று: எல்லோரும் கேமராவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், பணி நேரத்தில் இருப்பு நிலையும் (கணினி முன் இருக்கிறோமா என்று செயலியில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் புள்ளி) பச்சையாகவே இருக்க வேண்டும். முகம் தெரியாதவரிடம் நம்பிக்கை பிறப்பதில்லை.

காட்பாடி_ஜங்ஷன்

முத்துக்கடை நண்பரே, அவர் காலையிலேயே எழுதியிருந்தார் என்றால் முன்கூட்டத்தைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மூத்தவரே, நிபந்தனையை எழுதி வைத்தால் வரி தானாகச் சிவப்பாகும் என்கிறீர்களே, அந்த வரிக்கு நிறம் இடுபவரும் அதே தலைவர்தானே? வேலையைச் செய்பவரே நேரடியாக நிறம் இடும்படி வைத்தால்தான் அது நிற்கும்.

குடியாத்தம்_நெசவாளர்_மகள்

மூத்தவர் சொன்னவற்றில் நாட்காட்டி, தேதி, எழுத்தில் முடிவு ஆகியவற்றை ஏற்கிறேன். இருப்பு நிலை பச்சையாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

எங்கள் வீடு சிறியது, பக்கத்து வீட்டில் விசைத்தறி. காலையில் தறி ஓடத் தொடங்கினால் நடு அறையில் எதையும் சிந்திக்க முடியாது. பணம் இருமுறை பதிவாகும் கோளாறு ஒன்றை நாள்கணக்கில் எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கைபேசிச் செயலி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் எந்த வரிசையில் தரவுத்தளத்தைத் தொடுகிறது என்று கட்டம் கட்டமாக வரைந்தேன். முதல் கோரிக்கையின் பதில் தாமதமானதும் செயலி அதையே மறுபடி அனுப்புகிறது, நம் பக்கம் இரண்டும் ஒன்றுதான் என்று அறிந்துகொள்ள ஒரு குறிப்பெண் இல்லை. இது பிடிபட்ட அதே நொடியில் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடமாக மஞ்சள் புள்ளி. எங்கே போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், சொல்லட்டுமா என்றேன். முதலில் கணினிக்குப் போய் உட்காருங்கள், பிறகு கேட்கிறேன் என்றார்.

போய் உட்கார்ந்தேன், புள்ளி பச்சையானது, அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். காரணத்தை அவர் கேட்டது மறுநாள் காலைக் கூட்டத்தில்தான். அதற்குள் அன்றிரவும் சிலருடைய கணக்கில் பணம் இருமுறை பதிவானது.

மூத்தவரிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஒருவர் வேலை செய்கிறாரா என்பதை அவர் முடித்த வேலையைக் கொண்டு அறியாமல், விசைப்பலகையில் அவர் கை இருப்பதைக் கொண்டு அறிவதென்றால், தாளில் வரைந்து யோசிக்கும் நேரத்தை உங்கள் திட்டத்தில் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?