ஜப்பான்ல நம்ம "போயிட்டு வரேன்" காதுல விழுந்த அனுபவம், உங்களுக்கும் இருந்தா எழுதுங்க

நான் தோக்கியோ பக்கம் நிஷிகசாய்ல நாலு வருஷம் இருந்தேன். இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கிற ஏரியா, ஆபீஸ்ல இங்கிலீஷ் வீட்ல தமிழ்னு ஆறு மாசம் ஜப்பானிய மொழியே பேசாம ஓடிடுச்சு.

ஸ்டேஷன் போற வழில ஒரு ஊறுகாய்க் கடை, எழுபது வயசுக்கு மேல ஒரு பாட்டி தனியா பாத்துக்கிட்டாங்க. நம்ம எண்ணெய் ஊறுகாய் இல்ல, நுக்காசுகேன்னு பேரு. அரிசித் தவிட்டுல உப்பும் தண்ணியும் போட்டுப் பிசைஞ்சு ஈர மணல் மாதிரி வச்சிருப்பாங்க, அதுக்குள்ள காயைப் புதைச்சா புளிச்சு வந்துடும், ஆனா தவிட்டை தினமும் கையால கிளறி விடணும் இல்லன்னா கெட்டுடும். ஒருநாள் சும்மா நின்னு பாத்துட்டிருந்தேன். பாட்டி முழங்கை வரைக்கும் கையை விட்டு ஒரு வெள்ளரிக்காயை எடுத்தாங்க, ஒட்டியிருந்த தவிட்டை விரலால வழிச்சு திரும்ப ஜாடிக்குள்ளயே போட்டாங்க, கழுவி ஒரு துண்டு நறுக்கி பல்குச்சில குத்தி என்கிட்ட நீட்டி "தாபெத்தே மித்தே"ன்னாங்க.

தாபெருன்னா சாப்பிடு, மிருன்னா பாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். ரெண்டும் சேர்ந்து வந்தப்ப "சாப்பிட்டுப் பாரு"ன்னு அப்படியே காதுல விழுந்துச்சுங்க, உடம்பு சிலிர்த்துடுச்சு. கண்ணால பாக்கிற பாரு இல்ல, செஞ்சு பாரு, கேட்டுப் பாருன்னு நாம சொல்ற அந்தப் பாரு!

அன்னைக்கு ராத்திரியே நோட்டை எடுத்து உக்காந்தேன். கத்தே ஒக்குன்னா வாங்கி வை. தாபெத்தே இருன்னா சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறது, அந்த "இரு" ஒலி கூட அதேதான். நானும்ங்கிறதுல வர்ற "உம்" அங்க "மோ", வதாஷி மோ. வினைமுற்று கடைசில வரணும்ங்கிறதும் நம்ம மாதிரியே. இங்கிலீஷ்ல யோசிச்சு ஜப்பானிய மொழில பேசினா நாக்கு சிக்கும், தமிழ்ல யோசிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வாசல்ல சொல்ற வார்த்தைதான். வீட்டை விட்டுக் கிளம்புறவங்க "இத்தெக்கிமாஸ்", போயிட்டு வரேன். உள்ள இருக்கிறவங்க "இத்தெராஷாய்", போயிட்டு வாங்க. எங்கம்மா வாசல்ல "போறேன்"னு ஒத்தை வார்த்தை சொல்ல விடமாட்டாங்க, "வரேன்னு சொல்லு"ம்பாங்க. கொஞ்ச நாள்ல பாட்டி காலைல கடையைத் தாண்டுறப்பல்லாம் எனக்கு இத்தெராஷாய் சொல்ல ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் வீட்டு மனுஷங்களுக்குச் சொல்றது அது. 2019ல ஊருக்குத் திரும்பறதுக்கு முந்தின நாள் போய் நான் "சயோனாரா"ன்னு குனிஞ்சேன், அவங்க வேண்டாம்ங்கிற மாதிரி கையை ஆட்டிட்டு "இத்தெராஷாய்"னாங்க. இன்னும் திரும்பிப் போகல.

---

அண்ணா, நான் யாழ்ப்பாணம், இப்ப ஒசாகாவில மூண்டு வருசம். எனக்கு நடந்தது மொழி வகுப்பில. ரீச்சர் தனக்குக் கிட்ட பேனையை வச்சு "கோரே" எண்டா, என்ர மேசையில வச்சு "சோரே" எண்டா, யன்னலுக்கு வெளியால காட்டி "அரே" எண்டா. பக்கத்தில இருந்த பெடியளுக்கு அந்த நடுவில நிக்கிற சோரே விளங்கவே இல்லை. எனக்கு உடனே விளங்கிட்டுது, அது எங்கட "உது"! இது, உது, அது, எது. கோரே, சோரே, அரே, தோரே. உந்தப் பேனையைத் தாங்கோ எண்டுதான் அம்மம்மா கதைப்பா. தொல்காப்பியம் அ, இ, உ மூண்டையும் சுட்டு எண்டு சொல்லுது, தமிழ்நாட்டுப் பேச்சில உகரம் போயிட்டுது, எங்களிட்ட இன்னும் உயிரோட கிடக்கு.

ஓனோ சுசுமு எண்ட ஜப்பானிய அறிஞர் (1919-2008) ரெண்டு மொழிக்கும் உறவு இருக்கெண்டு கன வருசம் ஆராய்ஞ்சவர், யாழ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி அம்மாவும் அவரோட வேலை செய்தவை. எங்கட ஊர் ஆக்களின்ர உழைப்பு அதில இருக்கெண்டு எனக்குப் பெருமை.

---

ஓனோ உழைப்புக்கு மரியாதை உண்டு, ஆனா பெரும்பாலான மொழியியலாளர்கள் அவர் முடிவை ஏத்துக்கல. வாக்கிய அமைப்பு ஒத்துப்போறது கொரிய மொழி, துருக்கி மொழிக்கும்தான் இருக்கு, அதனால ஒரே தாய்மொழின்னு சொல்லிட முடியாது. வித்தியாசமும் இருக்கு, ஜப்பானிய வினைல ஆள் விகுதியே கிடையாது பாருங்க, போறேன் போறான் போறாங்க மூணுக்கும் "இக்கு"தான். தமிழ்லேர்ந்து ஜப்பானிய மொழி வந்துச்சுன்னு மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.

ஆனா கத்துக்க உதவுறது நிஜம். நான் ரயில்ல குடையை விட்டுட்டு ஸ்டேஷன் கவுன்ட்டருக்கு ஓடினேன், பதட்டத்துல தமிழ்ல "மறந்துட்டேன்"னு மனசுக்குள்ள வந்துச்சு, அதை அப்படியே மாத்தி "வசுரெத்தே ஷிமாய்மாஷ்தா"ன்னேன். மறந்து + விட்டேன், அந்த வருத்தம் கூட அதே இடத்துல உக்காருது. கவுன்ட்டர்ல இருந்தவர் ஒரு ஃபாரத்தை எடுத்து, கலர் என்ன, பிடி வளைவா நேரான்னு கேட்டு எழுதிக்கிட்டார். மறுநாள் குடை கைக்கு வந்துடுச்சு, பிடில தேதி போட்ட சின்னச் சீட்டு நூல்ல கட்டியிருந்துச்சு.