முருங்கை கேப்சூல் பெட்டி: பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூணுக்கும் ஒரே ஆர்ட்வொர்க் போதுமா? அவசரம்

சிவகாசி_கார்ட்டன்:
எல்லாருக்கும் வணக்கம். சிவகாசில கார்ட்டன் ஆர்ட்வொர்க் பண்றேன். முருங்கை இலை கேப்சூல் ஏற்றுமதி பண்ற பார்ட்டி ஒருத்தர், வெள்ளை எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டில், பிபி பிளாஸ்டிக் மூடி, வாயில சூட்டுல ஒட்டுற இண்டக்‌ஷன் சீல், வெளிய மோனோ கார்ட்டன் (ஒரு பாட்டில் போற அட்டைப் பெட்டி). மூணு நாட்டுக்கும் ஒரே பெட்டியா அடிச்சா அச்சு பிளேட் செலவு மிச்சம்னு சொல்லி அவரே டிசைன் குடுத்தாரு, பின்பக்கம் ரெண்டு அம்பு சுத்துற பச்சை வட்டம், கீழ "சுற்றுச்சூழலுக்கு உகந்தது"ன்னு பிரெஞ்சுலயும் ஸ்பானிஷ்லயும். ப்ரூஃப் போனதும் பிரான்ஸ் பையர் ட்ரிமான் எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாரு, இத்தாலிக்காரர் "பிஏபி 21 போடுங்க"ன்னு ஒரே வரி மெயில், ஸ்பெயின்காரர் காலி பெட்டியை எந்த குப்பைத் தொட்டில போடணும்னு எழுதச் சொல்றாரு. பார்ட்டி திங்கக்கிழமை பிளேட் போடணும்ங்குறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

பாரிஸ்_குடோன்:
தம்பி, மொதல்ல அந்த வாசகத்தை எடுங்க. பிரான்ஸ்ல 2020ல வந்த அஜெக்ங்குற குப்பைக் குறைப்பு சட்டப்படி "மக்கும்", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" மாதிரி வார்த்தை பெட்டி மேலயோ பொருள் மேலயோ வரவே கூடாது. ட்ரிமான்ங்குறது ஒரு மனுஷ உருவமும் அம்புகளும் இருக்குற லோகோ, அதை மட்டும் வச்சாலும் பத்தாது, பக்கத்துலயே எது எந்த தொட்டிக்குப் போகுதுன்னு படம் வரணும், அதுக்குப் பேரு இன்ஃபோ-ட்ரி. வீட்டுக்குப் போற பேக்கேஜிங்குக்கு 2022 செப்டம்பர் 9ல இருந்து கட்டாயம், பழைய ஸ்டாக்குக்கு குடுத்த டைம் 2023 மார்ச்சோட முடிஞ்சுது. படத்தை நீங்களா வரையாதீங்க, சித்தெயோங்குற பிரான்ஸ் பேக்கேஜிங் சேகரிப்பு அமைப்புல உறுப்பினரா இருக்குற கம்பெனிக்கு ஃபைல் கிடைக்கும், உங்க பையர்கிட்டயே கேட்டு வாங்குங்க. க்யூஆர்ல போட்டுக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, ரொம்ப சின்ன பேக்குக்குத்தான் அந்த சலுகை, உங்க பெட்டிக்குக் கிடைக்காது.

லேபிள்_அண்ணாச்சி:
அண்ணன் சொன்னது சரி. ஸ்பெயின்லயும் 2022 டிசம்பர்ல வந்த அரச ஆணை 1055 "சுற்றுச்சூழலுக்கு உகந்தது"ங்குற வாசகத்தை தடுக்குது, அதனால ரெண்டு பக்கமும் அது போயிரும். அந்தப் பச்சை வட்டமும் வேண்டாம். அது ரீசைக்கிள் ஆகும்னு சொல்ற குறியே இல்ல, பேக்கேஜிங் சேகரிக்கற அமைப்புக்கு காசு கட்டியாச்சுன்னு காட்டுற டிரேட்மார்க், ஒப்பந்தம் இல்லாம அச்சடிச்சா வம்பு. ஜெர்மனிலயே 2009ல இருந்து அது கட்டாயம் இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரே படம் ஏன் மூணு நாட்டுக்கும் ஒத்துவராதுன்னா, தொட்டியே வேற வேற. உங்க அட்டைப் பெட்டியும் பாட்டிலும் பிரான்ஸ்ல ஒரே பிரிப்புத் தொட்டிக்குப் போகும். ஸ்பெயின்ல அட்டை நீலத் தொட்டி, பாட்டில் மஞ்சத் தொட்டி, 2025 ஜனவரி 1ல இருந்து அதை பேக்குல காட்டியே ஆகணும். இத்தாலில அட்டை தனி, பிளாஸ்டிக் தனி, ஆனா எப்படி வாங்கிக்கறாங்கங்குறது ஊருக்கு ஊரு மாறும், அதனாலதான் "உங்க நகராட்சி விதியைப் பாருங்க"ன்னு கூடவே ஒரு வரி போடுவாங்க. அங்க 2023 ஜனவரி 1ல இருந்து கையால பிரிக்க முடியற ஒவ்வொரு பாகத்துக்கும் மெட்டீரியல் கோடு, அதாவது எதால ஆனதுன்னு சொல்ற குறி வேணும்: கார்ட்டனுக்கு பிஏபி 21, பாட்டிலுக்கு எச்டிபிஇ 2, மூடிக்கு பிபி 5. சீல் சுத்த அலுமினியம்னா ஏஎல்யு 41, ஆனா இண்டக்‌ஷன் சீல் பெரும்பாலும் பல லேயர், கோடே மாறிரும், அதனால சீல் சப்ளையர்கிட்ட ஸ்பெக் ஷீட் வாங்காம எழுதாதீங்க.

சிவகாசி_கார்ட்டன்:
ரொம்ப நன்றிண்ணே. ஆனா பின்பக்கம் இடமே இல்லை, சத்து விவர டேபிளே பாதியை அடைச்சிருது. அப்போ மூணு பெட்டியா?

லேபிள்_அண்ணாச்சி:
வேணாம் தம்பி. இத்தாலி விவரம் முழுக்க க்யூஆர்லயே குடுக்கலாம், அந்த ஊர் அரசாங்கமே டிஜிட்டல் வழியை ஒத்துக்கிச்சு. மிச்சம் பிரான்ஸ் படம் ஒண்ணு, ஸ்பெயின் தொட்டிக் குறி ஒண்ணு. பிரான்ஸ் கட்டத்துக்கு மேல எஃப்ஆர்னு போட்டுருங்க, இல்லன்னா மாட்ரிட்ல வாங்குறவங்க அதைப் பாத்து தப்பான தொட்டில போடுவாங்க. அப்படி நடந்தா இந்த லேபிள் ஒட்டியே பிரயோஜனம் இல்ல.

பாரிஸ்_குடோன்:
இன்னொண்ணு, மூணு வருஷத்துக்கு சேத்து அடிக்க விடாதீங்க. ஐரோப்பா முழுக்க ஒரே குறி வருது, புது பேக்கேஜிங் சட்டப்படி 2028 ஆகஸ்ட் 12ல இருந்து, அதுக்கான டிசைன் விதி வர லேட்டானா இன்னும் தள்ளும். சின்ன சின்ன லாட்டா அடிங்க, பார்ட்டிக்கு நஷ்டம் வராது.

சிவகாசி_கார்ட்டன்:
சரிண்ணே, பார்ட்டிகிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டாரு. அடுத்து கலிஃபோர்னியாவுக்கும் அதே பாட்டில்னு சொல்றாரு, அங்க எதாவது இருக்கா?

லேபிள்_அண்ணாச்சி:
இருக்கு. பாட்டிலைக் கவுத்து அடியைப் பாருங்க. பிளாஸ்டிக் வகையைச் சொல்ற 2ஐ சுத்தி, ஒண்ணை ஒண்ணு துரத்துற அம்புகளால ஆன முக்கோணம் இருந்தா, எஸ்பி 343ங்குற சட்டம் 2026 அக்டோபர் 4ல இருந்து அதை "ரீசைக்கிள் ஆகும்"ங்குற விளம்பரமாவே எடுத்துக்கும், அந்த மாநிலம் வச்ச அளவுகோலுக்கு பாட்டில் பொருந்தணும். அம்பு இல்லாத சாதா முக்கோணத்துக்குள்ள 2 இருந்தா அந்தப் பிரச்சனை இல்ல. மோல்டு போடுறவர்கிட்ட இப்பவே சொல்லிருங்க, ஆர்ட்வொர்க்கை நாளைக்கு மாத்தலாம், மோல்டை மாத்துறது லேசு இல்ல.