மறுமொழி: ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ – ‘பூட்டாப் பழம்பாகம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். பழைய விமானப் பாகங்களுக்கான நம் சொற்பட்டியலில் ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ (அந்தக் காலத்தில் செய்து, பயன்படுத்தாமலே கிடங்கில் கிடந்த பாகம்) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘புதிய பழைய இருப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம்; சொல்லுக்குச் சொல் வந்துவிடுகிறது.

சொல் வந்துவிடுகிறது, பொருளைக் காணோம். இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் புதுப்பிப்பவர்கள் தேடும் சுவிட்ச், ரிலே, வோல்டேஜ் ரெகுலேட்டர் போன்றவற்றில் சில, 1940களில் செய்யப்பட்டு, எந்த விமானத்திலும் ஏறாமல் பெட்டியோடு கிடங்கில் தங்கிவிட்டவை. அவற்றுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். மார்த்தாண்டத்தில் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஆக்கர் கடையில் போய்ப் ‘புதிய பழைய இருப்பு உண்டா’ என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

தக்கலை அண்ணாச்சி ‘பயன்படாப் பழம்பொருள்’ என்றார். பயன்படுத்தாதது வேறு, பயன்படாதது வேறு. விற்பவரே தம் சரக்கைக் குப்பை என்று சொன்னதாகிவிடும்.

என் பரிந்துரை ‘பூட்டாப் பழம்பாகம்’. பட்டறையில் ‘கழற்றிப் பூட்டு’ என்றுதானே சொல்கிறோம். ஒருமுறைகூடப் பூட்டப்படாதது இது. வேறொரு விமானத்திலிருந்து எடுத்தது ‘கழற்றுபாகம்’. பழைய வரைபடத்தைப் பார்த்து இன்று செய்வது ‘நகற்பாகம்’.

‘புதிய’ என்பதை நான் பிடிவாதமாகத் தள்ளக் காரணம் உண்டு. கிடங்கில் சும்மா இருந்தாலும் ரப்பர் உறை இறுகி வெடிக்கும். மின்பகு மின்தேக்கி (எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்) உலரும். தொடுமுனைகளில் களிம்பு ஏறும். காட்சிக்கூடத்தில் நிற்கும் விமானத்துக்கு அது பரவாயில்லை. பறக்கப்போகும் விமானத்தில், பெட்டி பிரிக்காத பாகத்தையும் மின்காப்பு (இன்சுலேஷன்) சோதனை செய்யாமல் மாட்டக் கூடாது. பழைய துணிப்பின்னல் தோற்றத்துக்குள் இக்கால வயரை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது ‘கிடங்கெண்’, அதாவது பாகத்தை அடையாளம் காட்டும் கிடங்குப் பதிவெண். பிரிட்டிஷ் பாகங்களில் அரச முடி முத்திரையும் ‘ஏ.எம்.’ (ஏர் மினிஸ்ட்ரி, விமானத் துறை அமைச்சகம்) எழுத்துகளும் இருக்கும். கூடவே இந்தக் கிடங்கெண் இருக்கும். மின்பொருள்கள் பலவற்றுக்கு அது 5சி என்று தொடங்கும். முடியைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டுபவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் மின்னமைப்பு 12 வோல்ட். பிற்கால வகைகள் சிலவற்றில் 24 வோல்ட். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ரிலேக்களும் அசல்தான் என்றாலும், மாற்றிப் பூட்டினால் உதவாது.

இருட்டில் தெரிவதற்காக விமானக் கருவிகளின் முகப்பில் பூசிய ரேடியப் பூச்சுக்கு ‘ஒளிர்பூச்சு’ மட்டும் போதாது, ‘கதிரொளிர் பூச்சு’ வேண்டும். ரேடியம் பூசிய முகப்பு ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நிற்காது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

நாகர்கோவிலிலிருந்து

———

> தம்பி, ‘பூட்டாத’ என்றால் எங்கள் தெருவில் திறந்து கிடக்கும் வீடு. ‘பொருத்தாப் பழம்பாகம்’ என்று மாற்றுங்கள். மற்றவை எனக்குச் சம்மதம்.

அண்ணாச்சி, ஏர் பூட்ட யாரும் சாவி கேட்பதில்லையே! ‘பொருத்தா’வில் ஓர் எழுத்து பிசகினால் ‘பொருந்தா’ ஆகிவிடும். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். பட்டியலில் ‘பூட்டா’ தலைச்சொல்லாக இருக்கட்டும், உங்கள் சொல்லை மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன். ‘கழற்றுபாகம்’ பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.