மறு: 'எமர்ஜிங் டிசீஸ்' தமிழில் புதுநோயா, எழுநோயா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'எமர்ஜிங் டிசீஸ்', அதாவது புதிதாகத் தோன்றுகிற அல்லது புதிதாகப் பரவத் தொடங்குகிற நோய், இதற்குத் தமிழில் 'புதுநோய்' என்றாலே போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று ஒரு புறாக் கதையை வைத்துச் சொல்கிறேன்.

2016இல் தொடங்கி மேற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா முதலிய ஆஸ்திரேலிய மாநிலங்களில் வளர்ப்புப் புறாக்கள் கூண்டு கூண்டாகச் செத்தன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு குன்றி உட்கார்ந்திருக்கும், தின்றதைக் கக்கும், கழியும், அப்புறம் செத்துவிடும். ஈரலை நுண்ணோக்கியில் பார்த்தால் திசு செத்துக் கிடந்தது. செய்தது ரோட்டா வைரஸ். கைக்குழந்தைகளுக்கு ரோட்டா சொட்டு மருந்து கொடுக்கிறோமே, அந்தக் குடும்பம்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தருவது, புறாவுக்கு ஈரலையே பிடித்துவிட்டது. ஜெர்மனியில் காரணம் பிடிபடாமல் 'இளம்புறா நோய்' என்று சொல்லிவந்ததற்குப் பின்னாலும் இதுவே இருந்தது எனப் பிறகு தெரிந்தது.

சரி, இந்த வைரஸ் புதுசா? இதே வகையை (ஜி18 பி17 என்பது அதன் குறியீடு) ஜப்பானில் 1983லேயே ஒரு புறாவிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். இருந்தது, இப்போது எழுந்திருக்கிறது. இதைப் 'புது' என்றால் பொருளே மாறிவிடும்.

'தலைதூக்கு நோய்' என்று இன்னொரு பரிந்துரையும் வந்தது. 2011இல் மெல்போர்ன் பக்கம் புறாக்களிடம் பரவிய பாராமிக்ஸோ வைரஸை நினைத்துப் பாருங்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தருகிற வைரஸின் புறா வடிவம் அது. நரம்பைத் தாக்கிக் கழுத்தை முறுக்கிவிடும். புறா பசியோடு வந்து கொத்தும், ஆனால் தானியத்துக்கு அரை விரல் தள்ளித் தரையைக் கொத்தும். தலையை நேராக வைக்கவே முடியாத பறவைக்குத் தலைதூக்கு நோயா?

என் பரிந்துரை 'எழுநோய்'. எழுஞாயிறு போல வினைத்தொகை. எழுந்த, எழுகிற, எழும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடும். இன்று பரவுவதையும் நாளை வரக்கூடியதையும் ஒரே சொல்லில் சொல்லலாம். நோய் திடீரென்று கிளம்பிப் பரவுவதை 'அவுட்பிரேக்' என்கிறார்களே, அதற்கு 'வெடிப்பு' வேண்டாம், அது பட்டாசுக் கடைச் செய்தி மாதிரி இருக்கிறது. 'நோய்க்கிளர்ச்சி' என்றே வைத்துக்கொள்வோம்.

---

ஐயா, வினைத்தொகை அழகுதான். ஆனால் அவசரத்தில் 'ஏழுநோய்' என்று படித்துவிடுவார்கள். என் மாமா மொட்டைமாடியில் முப்பது புறா வளர்க்கிறார். அவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "ஏம்மா, இது எழுந்துக்கற நோயா, படுத்துக்கற நோயா?" என்றார். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால், "புதுசு புதுசா சீக்கு கிளம்புது, அவ்வளவுதான்" என்கிறார். 'கிளம்பும் நோய்' என்றே வைத்தால் என்ன?

---

அம்மா, உங்கள் மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்! செய்தியில் எழுதும்போது 'புதிதாகக் கிளம்பும் நோய்' என்றே எழுதுவோம், யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. பாடநூலுக்கும் அட்டவணைக்கும் ஒற்றைச் சொல் தேவைப்படுகிறது, அங்கே மட்டும் 'எழுநோய்' இருக்கட்டும். அடங்கிய பிறகு மறுபடி கிளம்புகிற 'ரீ-எமர்ஜிங்' நோய்க்கு 'மீளெழுநோய்' என்று யோசித்திருக்கிறேன். அதற்கு மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.