ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு வேத வாசிப்பு அட்டவணை: ஆலோசனை தேவை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வாரந்தோறும் ஷிஃப்ட் மாறும் வாலிபர்களுக்காக ஒரு வருட வேத வாசிப்பு அட்டவணை தயாரிக்கிறோம். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறோம், உதவுங்கள்.

வழக்கமான கணக்கு தெரிந்ததுதான். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரம். மற்ற நாட்களில் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23, 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் முதல் இரண்டு புத்தகங்களான ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரம். ஆகவே ஜனவரி கடைசியிலேயே, பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம் வந்துவிடும். அது நைட் ஷிஃப்ட் வாரமாக இருந்தால் அங்கேயே நின்றுபோகிறது. இரண்டு நாள் விட்டால் 6 அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் 23. அந்தப் பாக்கியைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அட்டவணையில் மூச்சுவிட இடமே இல்லை.

அதனால் முதல் வருடம் புதிய ஏற்பாடு மட்டும். 260 அதிகாரம், வாரம் 5 நாள், நாளுக்கு ஒன்று. மீதி 2 நாள் விட்டதைப் பிடிக்க. தேதி போடவில்லை, டிக் அடிக்கக் கட்டம் மட்டும். லூக்கா 1 போன்ற 80 வசன அதிகாரத்தை லீவு நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

கேள்வி இதுதான்: நைட் ஷிஃப்ட் வாரத்தில் எந்த நேரம் நிலைக்கிறது? காலையில் வீடு திரும்பியதும் என்றால் தூக்கம் ஜெயித்துவிடுகிறது. வேலைக்குக் கிளம்பும் முன் என்றால் குடும்ப ஜெபத்தோடு மோதுகிறது. பஸ்ஸில் ஆடியோ வேதாகமம் கேட்பவர்கள் உங்கள் சபையில் உண்டா, அது மாதக்கணக்கில் தொடர்ந்ததா? அட்டவணை இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள்.