மகனுக்கு 18 வயது. "வெளியே குடிப்பதற்கு என் முன்னாடியே குடிக்கட்டும்" என்கிறார் அவன் அப்பா. சரியா?

காவிரிக்கரை:

வணக்கம். நாங்கள் திருச்சிப் பக்கம். மகன் இன்ஜினியரிங் முதல் வருடம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், போன மாதம்தான் 18 முடிந்தது. லீவுக்கு வந்தவன் இரண்டு நாள் என்னையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மூன்றாம் நாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது "அம்மா, திட்டாம கேளு" என்று ஆரம்பித்தான். பிறந்தநாளுக்கு ட்ரீட் என்று சீனியர்கள் கூப்பிட்டார்களாம், ரூமில் பிளாஸ்டிக் டம்ளரில் பிராந்தி கொடுத்தார்களாம், இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தரம் வாங்கிக் குடித்துவிட்டானாம். "கட்டிங்தாம்மா" என்றான். எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. திட்டாமல் கேட்க முடியவில்லை, அழுதும் விட்டேன்.

என் கணவர் மாதம் ஒன்றிரண்டு முறை குடிப்பவர். "நானும் இந்த வயசுல ஒளிஞ்சுதான் குடிச்சேன், அளவு தெரியாம வாந்தி எடுத்துக் கிடந்தேன், அதுக்கு வீட்டுல ஒரு பீர் வாங்கி வைக்கிறேன், என் முன்னாடி குடிக்கட்டும், வெளிநாட்டுல அப்படித்தானே பழக்குறாங்க" என்கிறார். என் தம்பி அதற்கும் மேலே போய், "மாப்பிள்ளைக்கு இந்தத் திருவிழாவுல நான்தான் ஊத்துவேன்" என்று போனில் சிரிக்கிறான். பையனோ, "குடிக்கிறதுக்குச் சட்டப்படி வயசு தமிழ்நாட்டுல 21, கேரளாவுல 23, காரைக்கால்ல 18. அப்போ பஸ் ஏறி காரைக்கால் போய்க் குடிச்சா தப்பில்லையா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கொடுத்துப் பழக்குவது நல்லதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறை வாசல்:

சகோதரி, நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், சில வருடம் ஹாஸ்டல் பொறுப்பையும் பார்த்தேன். முதலில் அந்தக் கட்டிங் கணக்கைப் பையனோடு உட்கார்ந்து போடுங்கள், இன்ஜினியரிங் படிக்கிறவன், கணக்கு அவனுக்குப் பிடிக்கும். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதை இரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 90, அதுதான் கட்டிங். நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அப்படியானால் அந்தப் பாதி டம்ளருக்குள் 38 மில்லிக்கு மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 650 மில்லி பெரிய பாட்டிலை முழுசாகக் குடித்தால்கூட 32 மில்லிதான். (ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும், அப்போது 52 மில்லி. "பீர்தானே" என்று உங்கள் கணவர் வாங்கப் போகிறார் என்றால் இதையும் சொல்லுங்கள்.) ஒரு பெரிய பீருக்கும் மேலான சரக்கை, சாப்பிடாத வயிற்றில், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், பத்து நிமிடத்தில் ஊற்றிக்கொள்கிறான் ஒரு 18 வயதுப் பையன். "கட்டிங்தான்" என்று அவன் சொன்னது மனதறிந்த பொய் இல்லை, அவனுக்கு நிஜமாகவே அது கொஞ்சம் என்றுதான் தோன்றியிருக்கும்.

காரைக்கால் கேள்வி நல்ல கேள்வி. சட்டப்படி அங்கே வாங்கலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் இதே கேள்வியை அமெரிக்கா ஒரு தலைமுறைக்கு முன்னால் பார்த்துவிட்டது. 1970களில் பல மாநிலங்கள் வயதை 18, 19 என்று குறைத்தன, பக்கத்து மாநிலத்தில் 21 என்று இருக்கும். பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு "ரத்த எல்லை" என்றே பெயர் வந்தது. 1984இல், 21 என்று வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று மத்திய அரசு சட்டம் போட்டது, 1988க்குள் எல்லா மாநிலமும் 21க்கு வந்துவிட்டன, அந்த வயதுப் பிள்ளைகளின் சாலைச் சாவுகளும் குறைந்தன. அதனால் வயது வரம்பே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம்மிடம் சிக்கல் என்னவென்றால், 21 தாண்டிய ஒரு சீனியர் வாங்கிக்கொண்டு வந்தால் போதும், அந்த ரூமில் இருக்கும் எல்லோருக்கும் 21 ஆகிவிடுகிறது.

வீட்டில் கொடுப்பது பற்றி: ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் அதிகமான பிள்ளைகளை 12 வயதிலிருந்து ஆறு வருடம் தொடர்ந்து கவனித்து, 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்டார்கள். பெற்றோரே ஊற்றிக் கொடுத்த பிள்ளைகள் அடுத்த வருடம் வெளியாட்களிடம் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு கூடியதே தவிர குறையவில்லை. பாதுகாப்பு கிடைத்ததற்கு அடையாளமே இல்லை. அது சின்னப் பிள்ளைகளைப் பற்றியது, உங்கள் மகன் பெரியவன், அது வேறுபாடுதான். ஆனாலும் "வீட்டில் பழக்கினால் வெளியே போக மாட்டான்" என்ற நம்பிக்கையை இனிமேல் என்னால் ஏற்க முடியாது.

வன்னி டு டோர்ட்முண்ட்:

அக்கா, நான் இலங்கை, 30 வருடமாக ஜெர்மனியில். இரண்டு பிள்ளைகளை இங்கேதான் வளர்த்தேன். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. இங்கே பீரும் வைனும் 16 வயதில் வாங்கலாம், விஸ்கி, வோட்கா மாதிரி கடும் சரக்கு 18இல்தான். தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்தால் 14 வயதிலேயே ஒரு பீர் குடிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்று இங்கே சுகாதார அமைச்சராக இருந்தவர்களே கேட்டிருக்கிறார்கள், அதையும் அவரிடம் சொல்லுங்கள். 2007இல் பெர்லினில் ஒரு 16 வயதுப் பெடியன் போட்டி போட்டு டெக்கீலா குடித்துக் கோமாவில் போய்ச் செத்தான், நாடு முழுக்க அதையே கதைத்தார்கள். சின்ன வயதிலேயே பீர் பழகும் நாட்டில்தான் அதுவும் நடந்தது.

எனக்கு விளங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மன் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் ஒரு கிளாஸ் இருக்கும், தாயும் இருப்பாள், கிழவியும் இருப்பாள், கதைத்துக் கதைத்து ஒரு மணித்தியாலம் அந்த ஒரு கிளாஸ்தான். நம்மவர்கள் ஹாலில் பிறந்தநாள், சாமத்திய வீடு (உங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு) என்று வைத்தால் ஆம்பிளைகள் ஒவ்வொருவராகக் கார் பார்க்கிங் போவார்கள், டிக்கியைத் திறந்து வைத்து நின்றபடியே ஊற்றிக் கவிழ்த்துவிட்டு, ஸ்பிரே அடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். என் மகன் இரண்டையும் பார்த்து வளர்ந்தான், 17 வயதில் என்னிடம் கேட்டான், "அப்பா, நீங்கள் ஏன் டிக்கியிடம் குடிக்கிறீர்கள்?" அன்றோடு நான் அந்தப் பக்கம் போவதில்லை. அந்த மேசையை விட்டுவிட்டு போத்தலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவன் பழகப்போவது டிக்கிக் குடியைத்தான் அக்கா. (இலங்கையிலும் 2006 சட்டப்படி 21தான்.)

இரவுப் பணி:

நான் நர்ஸ். குடிநோய்ப் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு கேள்வி எழுதுவோம்: முதல் தடவை எந்த வயதில், யாரோடு? கை நடுங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லும் மனிதர்கள்கூட இந்தக் கேள்விக்கு மட்டும் சட்டென்று பதில் சொல்வார்கள். மாமா கொடுத்தார். சித்தப்பா கொடுத்தார். சென்ட்ரிங் வேலைக்குப் போனபோது உடம்பு வலிக்கு நல்லது என்று மேஸ்திரி கொடுத்தார். சாவு வீட்டில் ஆடும்போது கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், எட்டு பத்து வயதில் "சோடாவும் மிக்சரும் வாங்கிட்டு வாடா" என்று அவர்களைக் கடைக்கு அனுப்பியிருப்பார்கள், மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்பார்கள். யாரோ கெட்டவன் வந்து கெடுத்தான் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. பாசத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

குடிக்கிற எல்லோரும் நோயாளி ஆவதில்லை, உண்மைதான். ஆனால் எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்கு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல், மூளை வளர்ந்து முடிவதே இருபதுகளின் நடுவில்தான். வீட்டில் ஏற்கனவே குடிப்பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதனால் அக்கா, அப்பாவும் ஊற்ற வேண்டாம், மாமாவும் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று, இதை மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ரூமில் யாராவது குடித்துவிட்டு எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகப் போகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் "தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், மோர், எலுமிச்சை சாறு என்று வாயில் எதையும் ஊற்றக் கூடாது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். 108க்குப் போன் பண்ணிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கணும். வார்டன் திட்டுவார் என்று பயந்து காலை வரை விட்டுவைத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டுப் பையன்:

அக்கா, எனக்கு 24. ஹாஸ்டலில் நான்கு வருடம் இருந்தேன், நானும் முதல் வருடம் அதே மாதிரி ரூமில்தான் ஆரம்பித்தேன், மூன்றாம் வருடம் விட்டுவிட்டேன். அங்கே வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை, "என்னடா, அம்மா புள்ளையா" என்று ஒரு வார்த்தை போதும். உங்கள் பையன் இரண்டு தரம் மறுத்திருக்கிறான் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். எனக்கு உதவியது ஒரே பொய்தான்: கையில் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு "நான்தான் வண்டி ஓட்டணும்" என்பேன், போலீஸ் பிடித்தால் முதல் தடவையே பத்தாயிரம் அபராதம், ஜெயிலும் உண்டு என்பதால் யாரும் மேலே வற்புறுத்த மாட்டார்கள். கப்பில் வெறும் செவன் அப் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பாதி பேர் பார்க்கக்கூட மாட்டார்கள்.

நான் என் அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கள் பையன் சொல்லியிருக்கிறான். எந்த நேரம் போன் பண்ணினாலும் வந்து கூட்டிக்கொண்டு போவோம், அன்றைக்கு ராத்திரி ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கட்டிங் கணக்கை அவனையே போடச் சொன்னேன், 38 என்று வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கணவர் ஜெர்மனிப் பதிலை இரண்டு தரம் படித்தார், பீர் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, ஆனால் தானும் நிறுத்துவதாகச் சொல்லவில்லை, அது தனிப் பேச்சு, அதை நான் விடப்போவதில்லை. அழுததற்கு மகனிடம் மன்னிப்புக் கேட்டேன், போன் பண்ணினால் வருவோம் என்று இரண்டு பேரும் சொல்லியிருக்கிறோம்.

நர்ஸ் தங்கை எழுதியதைப் படித்தபிறகு ஒன்று ஞாபகம் வந்தது. இவனுக்கு ஒன்பது வயதில், ஊருக்குப் போனபோதெல்லாம் என் தம்பிதான் இவனை சோடா வாங்க அனுப்புவான், மீதி ஐந்து ரூபாய்க்கு இவன் சந்தோஷமாக ஓடுவான், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தம்பிக்கு இன்று ராத்திரி நானே போன் பண்ணுகிறேன்.