அப்பா பெயரில் வீடு, வாரிசுச் சான்றில் அப்பாயி பெயர்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

தஞ்சாவூர்ப்பொண்ணு:
வணக்கம். அப்பா 1994-இல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, அதில் கட்டிய வீடு. தஞ்சாவூர் டவுனுக்குள்தான். கிரயப் பத்திரம் அப்பா ஒருவர் பெயரில். 2016-இல் உயில் எதுவும் எழுதாமல் தவறிவிட்டார். அப்போது எடுத்த வாரிசுச் சான்றில் அம்மா, அண்ணன், நான், அப்பாயி என்று நான்கு பேர். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பாயி 2019-இல் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அண்ணன் மாடி கட்ட லோன் போடப் போகிறான். "நீயும் நானும் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்துவிடலாம், அப்புறம் அம்மா எனக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதித் தரும் பத்திரம்) எழுதித் தரட்டும்" என்கிறான். எனக்குப் பங்கு வேண்டாம். என் கவலை அம்மாதான். 67 வயது, பென்ஷன் சொற்பம், முட்டிவலிக்காரி. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு மருமகளிடம் கேட்டுக்கொண்டு அடுப்பு பற்றவைக்கும் நிலை அவருக்கு வரக்கூடாது. அண்ணன் நல்லவன்தான், ஆனால் இந்த விஷயத்தில் நல்லவன் என்பது மட்டும் போதுமா?

எந்தப் பத்திரம் போடுவது, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். கும்பகோணத்தில் இருக்கும் பெரிய அத்தை ஒரு கல்யாணத் தகராறுக்குப் பிறகு எங்களோடு பேசுவதில்லை.

காவிரிக்கரை:
அக்கா, வாரிசுச் சான்றை வைத்துப் பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள். பட்டா வந்துவிட்டால் அம்மா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அத்தைகளை எதற்கு இழுக்கிறீர்கள், இது உங்கள் அப்பா வாங்கிய இடம்தானே?

பழைய பத்திர எழுத்தர்:
தம்பி சொல்வது நடக்காது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அவ்வளவுதான். அதில் பெயர் ஏறியதால் பிள்ளைகளின் பாகம் அம்மாவுக்குப் போய்விடாது. அம்மாவுக்கு இருப்பது எவ்வளவோ அதைத்தான் அவர் எழுதித் தர முடியும்.

தங்கச்சி, நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். அப்பா உயில் இல்லாமல் இறந்த அன்றே வீடு நான்கு சம பாகம் ஆகிவிட்டது. இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு என்பதால் அப்பாயிக்கும் கால் பாகம். 2019-இல் அந்தக் கால் பாகம் அப்பாயியின் வாரிசுகளுக்குப் போயிற்று: இரண்டு அத்தைகள், உங்கள் அப்பாவின் இடத்தில் நீங்களும் அண்ணனும். மருமகள் என்ற முறையில் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டை 24 பங்காக வைத்தால் அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, அண்ணனுக்கு 7, அத்தைகளுக்கு ஆளுக்கு 2. வங்கி வக்கீல் வாரிசுச் சான்றைப் பார்த்ததும் கேட்கப்போகும் முதல் கேள்வி, "நாலாவது பெயர்க்காரர் எங்கே?" என்பதுதான். அத்தைகள் கையெழுத்து இல்லாமல் லோன் நகராது.

செலவைப் பாருங்கள். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரமோ (தன் பாகத்தை விட்டுக் கொடுப்பது) செட்டில்மெண்டோ எழுதினால் முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய உச்சவரம்பு இது. அதற்கு முன் 25,000, 4,000. செட்டில்மெண்டுக்குக் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். அண்ணியும் நாத்தனாரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அத்தைகள் அம்மாவுக்கு செட்டில்மெண்ட் எழுதினால் 7% தீர்வை, 2% கட்டணம். பயப்பட வேண்டாம், அவர்கள் பாகத்துக்கு மட்டும்தான். நிலமும் கட்டிடமும் சேர்ந்து 36 லட்சம் என்று வைத்தால் ஒரு அத்தையின் பாகம் 3 லட்சம், செலவு 27,000.

அண்ணன் சொல்லும் இரண்டு கட்ட வழியில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு முறை கட்டணம் கட்டுகிறீர்கள். என்னைக் கேட்டால் முதல் கட்டத்தோடு நிறுத்துங்கள். வீடு அம்மா பெயரில் இருக்கட்டும். அண்ணனுக்குத் தர விருப்பம் என்றால் அம்மா உயில் எழுதலாம். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி வேண்டும். மனம் மாறினால் அவரே மாற்றிக்கொள்ளலாம். பதிவான செட்டில்மெண்டை அப்படி நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. லோனுக்கு அம்மாவையும் சேர்த்துக்கொள்ளும்படி வங்கியில் கேட்கலாம். ஆனால் தவணை நின்றால் அடமானத்தில் இருப்பது அம்மாவின் வீடு என்பதை அண்ணனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால் இரண்டு வரி இல்லாமல் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஒன்று, ஆயுள் உள்ளவரை அம்மாவே குடியிருந்து அனுபவிப்பார் என்பது. இன்னொன்று, மகன் அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பராமரிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். அந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டு வந்து அழுத தாய்மார்களை நிறையப் பார்த்தவன் நான்.

மன்னார்குடி மருமகள்:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவில் சர்வே எண், நான்கு எல்லை, சதுர அடி எல்லாவற்றையும் மூலப்பத்திரத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் மாமனார் எழுதிய செட்டில்மெண்டில் சர்வே உட்பிரிவு எண் தவறாக விழுந்தது. பிழைதிருத்தல் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமே, அதற்குள் மாமனார் காலமாகிவிட்டார். அப்புறம் எல்லா வாரிசுகளையும் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டுவது) 1994-க்கு முன்பிருந்தே போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

தஞ்சாவூர்ப்பொண்ணு:
ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு எங்களைவிடக் குறைவான பங்கு என்றதும் அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது கட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். பெரிய அத்தைக்கு அம்மாவே போன் செய்தார். "அண்ணி பேருக்குன்னா வந்து கையெழுத்துப் போடுறேன், உன் பையன் பேருக்குன்னா வரமாட்டேன்" என்றாராம். சின்ன அத்தை எப்போது கூப்பிட்டாலும் வருவார். அடுத்து என்ன செய்யட்டும்?

பழைய பத்திர எழுத்தர்:
பெரிய அத்தை விவரமானவர். அவர் மனம் மாறுவதற்குள் வேலையைத் தொடங்குங்கள். அப்பாயியின் இறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் அவருக்குத் தனியாக வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அதில் அத்தைகள் இருவர் பெயரும் அப்பா வழியில் உங்கள் இருவர் பெயரும் வர வேண்டும். அது கைக்கு வராமல் வரைவு எழுத உட்காராதீர்கள். 1994 பத்திரத்தின் அசலையும் இப்போதே தேடி வையுங்கள்.